நாற்பது விநாடிக்கு ஒரு விக்கல்

புதிதாக ஒரு கிராஃபிக்ஸ் கார்டு வீட்டுக்கு வந்துவிட்டால் நம்மவர் முதலில் போய்க் கை கழுவுவார். சோப்புப் போட்டு, விரலிடுக்கு விடாமல் தேய்த்து, ஈரம் போகத் துடைத்த பிறகுதான் பெட்டியில் கை வைப்பார். "சாப்பிட உக்காரும்போது இந்தக் கை கழுவல் எங்க போகுது?" என்று மனைவி கேட்பாள். அது அவர் காதில் ஏறாது.

அவர் தொழில் அப்படி. கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்து படம் தயாரித்துத் திரைக்கு அனுப்புகிற அந்தக் கார்டுகளைச் சோதித்து, எது தேறும், எது வெறும் ஆர்ப்பாட்டம் என்று ஓர் இணையப் பத்திரிகையில் எழுதுகிறார். கம்ப்யூட்டர் விளையாட்டுப் பிரியர்களுக்கு ஒரு பகுதி. கூடத்தில் பெரிய டிவியோடு கம்ப்யூட்டரை இணைத்து வீட்டையே தியேட்டராக்கிப் படம் பார்க்கிறவர்களுக்கு இன்னொரு பகுதி. இரண்டும் அவர் கையில்தான். எதையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவர் என்பதால் அலுவலகத்தில் அவருக்கு 'விளக்கெண்ணெய்' என்றே பெயர். தெருவில் யாராவது யாரையாவது அந்தச் சொல்லால் திட்டினால் இவர் பெருமையோடு திரும்பிப் பார்ப்பார்.

சோதனையெல்லாம் பின்னறையில் நடக்கும். அங்கே ஒரு மேஜை மேல் மூடி கழற்றிய கம்ப்யூட்டர் ஒன்று குடலைக் காட்டிக்கொண்டு கிடக்கும். பக்கத்திலேயே துணி காயப்போடும் மடக்குக் கம்பி. ஒரு விநாடிக்கு எத்தனை படம் ஓடுகிறது, எவ்வளவு சூடேறுகிறது, விசிறி எவ்வளவு இரைகிறது என்று ஒவ்வொன்றாக அளப்பார். விசிறியின் இரைச்சலை அளக்கிற நேரத்தில் வீட்டில் வாஷிங் மெஷின் ஓடக் கூடாது, குழாய் திறக்கக் கூடாது, யாரும் தும்மக் கூடாது. மனைவி டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறவள். நாள் முழுக்கப் பிறர் தவறுக்குத் தன் காலால் பிரேக் போட்டுவிட்டு வருகிறவளுக்கு வீட்டில் தும்மலுக்கும் பிரேக் போடச் சொன்னால் எப்படி இருக்கும்? இருந்தாலும் பொறுத்துக்கொள்வாள். அவருடைய இந்தக் கிறுக்கைப் பார்த்துத்தானே கட்டிக்கொண்டாள்.

அன்றைக்கு வந்த கார்டு கொஞ்சம் பெரிய இடத்துச் சமாசாரம். மூன்று விசிறி, செங்கல் கனம். பின்னறையில் மாட்டி விளையாட்டுகளை ஓடவிட்டார். ஒன்று விடாமல் வெளுத்து வாங்கியது. கார்ப் பந்தய விளையாட்டில் மழை பெய்து, சாலையில் தேங்கிய தண்ணீரில் தெருவிளக்கு நெளிந்து நெளிந்து தெரிந்தது. நம்மவருக்குத் தலைகால் புரியவில்லை. மனைவியைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினார்.

"தண்ணிய பாரு, தண்ணிய பாரு."

அவள் தண்ணீரைப் பார்க்கவில்லை. "வளைவுல எவனாவது இந்த வேகத்துல போவானா? என்கிட்ட வந்திருந்தா இவன் ஃபெயில்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் அதே கார்டைக் கழற்றிக் கூடத்துக் கம்ப்யூட்டரில் மாட்டினார். டிவிக்குக் கீழே, பார்வைக்கு ஒரு சின்னப் பெட்டி மாதிரி இருக்கும் அது. அதில்தான் வீட்டுக்கு வேண்டிய படமெல்லாம் ஓடும். திரைச்சீலையை இழுத்து விட்டு, சோஃபாவில் சாய்ந்து, ஒரு பழைய படத்தைப் போட்டார். கப்பல் ஒன்று துறைமுகத்தை விட்டு மெல்ல நகர்கிற காட்சி. கப்பல் போனது, போனது, ஒரு கணம் நின்று, மறுபடி போனது. யாரோ தோளைத் தட்டினாற்போல ஒரு சின்ன நிற்றல். வேறு யாராக இருந்தாலும் கண்ணைக் கசக்கிவிட்டு விட்டிருப்பார்கள். நம்மவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சுமார் நாற்பது விநாடி கழித்து மறுபடியும் அதே.

விஷயம் இதுதான். சினிமாப் படம் என்பது விநாடிக்கு இருபத்துநான்கு தனித்தனிப் படங்கள் என்று சொல்வது வழக்கமே தவிர, பெரும்பாலான சினிமாக்களில் உண்மையில் அதற்கு மயிரிழை குறைவு. கார்டு அந்த மயிரிழையை மதித்து நடக்க வேண்டும். இந்தக் கார்டோ கறாராக இருபத்துநான்கு என்று ஓட்டியது. கணக்கு இடிக்க இடிக்க, நாற்பது விநாடியில் ஒரு படம் பற்றாக்குறையாகி, கையில் இருக்கிற படத்தையே இரண்டாம் முறை காட்டிச் சமாளித்தது. கப்பல் நின்றது அதனால்தான். அவர் அதற்கு 'விக்கல்' என்று பெயர் வைத்தார். விளையாட்டில் முதல் மாணவன், சினிமாவில் விக்கல்காரன், கூடத்துக்கு வாங்க வேண்டாம் என்று எழுதி அனுப்பினார். அடுத்த கார்டு வரும்வரை இருக்கட்டும் என்று அதைக் கூடத்திலேயே விட்டும் வைத்தார்.

கட்டுரை வெளியானதும் வாசகர்கள் கிழி கிழி என்று கிழித்தார்கள். 'எனக்குத் தெரியவில்லை, என் தம்பிக்குத் தெரியவில்லை, உமக்கு மட்டும் எப்படி ஐயா தெரிகிறது?' என்று ஒருவர். 'முதலில் கண்ணாடியை மாற்றுங்கள்' என்று இன்னொருவர். அவர் கண்ணாடியே போடுவதில்லை. கார்டு செய்த கம்பெனியும் பத்திரிகைக்கு எழுதியது. ஒரு படம் இரண்டு முறை வருவதை அவர்கள் மறுக்கவில்லை. கருவி வைத்துப் பார்த்தால் தெரியும், வீட்டில் உட்கார்ந்து படம் பார்க்கிற சாதாரண மனிதக் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது, தெரியாத குறையைச் சொல்லி எங்கள் பெயரைக் கெடுக்கலாமா என்பதுதான் அவர்கள் கேள்வி.

பத்திரிகையின் எடிட்டர் போன் செய்தார். நல்ல மனிதர், ஆனால் சுற்றி வளைக்கத் தெரியாதவர்.

"அவங்க ஒரு இஞ்சினியரை உங்க வீட்டுக்கே அனுப்பறேங்கறாங்க. உங்க டிவி, உங்க கூடம், நீங்க சொல்ற அதே படம். சாதாரண ஆளு ஒருத்தருக்காவது விக்கல் தெரிஞ்சா கட்டுரை நிக்கும். தெரியலைன்னா வாபஸ் வாங்கிடலாம்."

"வாங்கிட்டு?"

"சினிமாப் பகுதியை வேற யார்கிட்டயாவது குடுத்துடறேன். நீங்க விளையாட்டைப் பாத்துக்குங்க. இதுல கோவிச்சுக்க ஒண்ணுமில்ல. கண்ணுக்குத் தெரியாததை எல்லாம் எழுதினா படிக்கிறவன் நம்ப மாட்டான்."

கோபம் இல்லை. பயம்தான் வந்தது. விளையாட்டுப் பகுதியில் எண்கள் பேசும், அதை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். சினிமாப் பகுதிதான் அவருடைய சொந்தச் சொத்து. அங்கே கடைசித் தீர்ப்பு கண்ணுடையது. அந்தக் கண்ணையே நம்ப முடியாது என்று ஊர் சொல்லிவிட்டால் அவரிடம் மிச்சம் என்ன இருக்கிறது? போதாக்குறைக்கு அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. விக்கல் தெரிகிறதா, அல்லது மனசுக்குள் நாற்பது எண்ணிவிட்டுத் தெரிகிற மாதிரி நினைத்துக்கொள்கிறோமா? மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்த்தார். அவள் படம் ஆரம்பித்ததுமே தூங்கிவிட்டாள். வேலை முடித்து வந்து சோஃபாவில் சாய்ந்தால் அவளுக்கு அவ்வளவுதான்.

வீட்டில் இன்னொரு ஜோடிக் கண்கள் இருந்தன. அவற்றைக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அவை மாமியாருடையவை. தனியாக இருந்த அந்த அம்மாள், மகள் நச்சரிப்புத் தாங்காமல் தன் வீட்டைக் காலி செய்துவிட்டு ஒரு வருஷத்துக்கு முன் இவர்களோடு வந்து சேர்ந்தார். தினமும் மத்தியானம் ஒரு படம் பார்த்தாக வேண்டும் அவருக்கு. அதில் ஒரு சங்கடம். மாமியாருக்கும் மருமகனுக்கும் இடையில் மரியாதை கொஞ்சம் அதிகம். இவர் கூடத்துக்குள் வந்தால் அவர் எழுந்து சாப்பாட்டு மேஜை நாற்காலிக்குப் போய்விடுவார். "நீங்க உக்காருங்கத்தை" என்று இவர் சொல்வார். "இல்ல மாப்பிள்ளை, நீங்க பாருங்க" என்று அவர் சொல்வார். பெரியவங்க நிம்மதியாகப் பார்க்கட்டும் என்று இவர் பின்னறைக்கு ஓடிவிடுவார். மாப்பிள்ளைக்கு வேலை இருக்கும் என்று அவர் தன் அறைக்குள் போய்விடுவார். இப்படி ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்து, பாதிப் படங்களைக் காலி சோஃபாதான் பார்த்தது. "ரெண்டு பேரும் 'நீங்க போங்க, நீங்க போங்க'ன்னு கை காட்டிக்கிட்டு நிக்கிறீங்க, நாற்சந்தியே அடைச்சுப்போச்சு" என்று மனைவி சொல்வாள்.

மாமியாரைப் போய் சோதனைக்கு உட்கார வைப்பதா? அந்த எண்ணம் வந்திருந்தாலும் நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பார்.

சனிக்கிழமை மத்தியானம் இஞ்சினியர் வருவதாக ஏற்பாடு. காலையிலிருந்து நம்மவர் ஒரு நிமிஷம் உட்காரவில்லை. ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மறுபடி செருகினார். பெட்டிக்குள் தூசி ஊதினார். சோஃபாவுக்கும் டிவிக்கும் உள்ள தூரத்தை டேப் வைத்து அளந்தார். கப்பல் காட்சியைத் தவிர, மலையோரமாக ரயில் போகிற காட்சி ஒன்றையும் எடுத்து வைத்தார். டிவியின் அமைப்புகளை மட்டும் தொடவில்லை. டிவி வாங்கிய அன்றே அதையெல்லாம் தன் கையால் சரிசெய்து முடித்தாயிற்று, இந்த வீட்டில் வேறு யார் அதில் கை வைக்கப் போகிறார்கள் என்ற நினைப்பு.

வந்தது ஓர் இளம்பெண். முதுகில் பை, கையில் லேப்டாப், செருப்பைக் கழற்றி வாசலில் ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே வந்தாள். சண்டைக்காரியைப் போல இல்லை. கூடத்துப் பெட்டியைக் குனிந்து பார்த்து, "ரொம்ப சுத்தமா வச்சிருக்கீங்க சார்" என்றாள். நம்மவருக்கு அந்த நிலையிலும் உச்சி குளிர்ந்தது.

அவள் தன் லேப்டாப்பைப் பெட்டியோடு இணைத்தாள். கார்டு ஒரே படத்தை இரண்டாம் முறை அனுப்புகிறபோதெல்லாம் லேப்டாப்பில் ஒரு சிவப்புக் கோடு விழும். அதே கணத்தில் டிவியில் யாருக்காவது ஏதாவது தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான் சோதனை. சாதாரணப் பார்வையாளராக மனைவி சோஃபாவில் உட்கார்ந்தாள். தூங்கிவிடக் கூடாதென்று ஏற்கெனவே இரண்டு முறை முகம் கழுவியிருந்தாள். மாமியார் விருந்தாளிக்கு டீ போட அடுப்படிக்குள் போயிருந்தார்.

கப்பல் புறப்பட்டது. சிவப்புக் கோடு விழுந்தது.

"மேடம், இப்ப ஏதாவது தெரிஞ்சுதா?"

மனைவி பாவமாகக் கணவனைப் பார்த்தாள். "இல்லைங்க."

இரண்டாவது கோடு. "இப்ப?" இல்லை. மூன்றாவதற்கும் இல்லை. இஞ்சினியர் நம்மவர் பக்கம் திரும்பினாள். "சார், உங்களுக்கு?"

நம்மவர் முகத்தில் ஈயாடவில்லை. அவருக்கும் தெரியவில்லை. கப்பல் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி போய்க்கொண்டே இருந்தது. ரயிலைப் போட்டார்கள். அதுவும் நிற்காமல் ஓடியது. இத்தனை நாள் கண்ணை உறுத்திய விக்கல் எங்கே போயிற்று? நாற்பது எண்ணிக்கொண்டு, 'இதோ, இப்ப' என்று சொல்லிவிட்டால் கோட்டோடு சரியாகப் பொருந்தும். யாருக்குத் தெரியப் போகிறது? அந்தப் பொய் நாக்கு நுனிவரை வந்தது. கண்ணால் பார்க்காததைச் சொல்ல வாய் வரவில்லை.

"இல்லம்மா. எனக்கும் தெரியல."

"பரவால்ல சார்" என்றாள் அவள். ஜெயித்த சந்தோஷம் அவள் குரலில் இல்லை, கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்த மாதிரி இருந்தது. "ரொம்ப நாள் ஒண்ணையே உத்துப் பாத்தா எல்லாருக்கும் இப்படி ஆகும்."

"என் கண்ணுலதான் கோளாறு போல" என்றார் நம்மவர். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "எடிட்டர்கிட்ட சொல்லிடறேன். வாபஸ் வாங்கிக்கலாம்." சட்டைப் பையில் போனைத் தேடினார். மனைவி எழுந்து வந்து அவர் முதுகில் கையை வைத்தாள். வீட்டில் யார் எதிரிலும் அப்படிச் செய்கிறவள் இல்லை.

அப்போதுதான் டீத் தட்டோடு மாமியார் வந்தார். வந்தவர் மேஜை வரை போகவில்லை. நடுக்கூடத்தில் நின்றுவிட்டார்.

"என்ன சொன்னீங்க மாப்பிள்ளை? கண்ணுல கோளாறா?"

"ஒண்ணுமில்லத்தை. படத்துல ஏதோ விக்குற மாதிரி எனக்குத் தெரிஞ்சுது. இப்ப பாத்தா அப்படி ஒண்ணுமே இல்ல."

மகள் வந்து தட்டை வாங்கிக்கொண்டாள்.

"விக்குற மாதிரியா?" என்றார் மாமியார். "கப்பல் போயிட்டே இருக்கும்போது ஒரு நொடி நின்னுட்டுப் போறாப்பலயா?"

நம்மவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. எனக்கும் அப்படித்தான் தெரிஞ்சுது. நீங்க அந்தப் புதுசை மாட்டினீங்களே, அன்னைலருந்து. கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் நிக்குது, போகுது. ஐயோ, கண்ணு போகப்போகுதுன்னு நினைச்சேன். அந்தப் பக்கம் உக்காந்து பாத்தேன், இந்தப் பக்கம் உக்காந்து பாத்தேன். ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் பாத்தேன்."

"ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?" என்றாள் மகள்.

"என்னன்னு சொல்றது? வந்து ஒரு வருஷந்தான் ஆகுது. கண்ணும் போச்சுன்னா கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போக ஒரு ஆளு வேணும். உங்க ரெண்டு பேருக்கும் பாரமாயிடுவேனேன்னு பயந்துகிட்டு, நானே கண் டாக்டருக்கு போன் பண்ணி நாள் வாங்கி வச்சிருக்கேன். உனக்கு வகுப்பு இருக்கிற நேரமாப் பாத்து வாங்கியிருக்கேன்."

டிவியில் ரயில் வழுக்கிக்கொண்டு போனது. இஞ்சினியர் அதைக் காட்டினாள்.

"ஆனா அம்மா, இப்ப யாருக்குமே தெரியலையே. சாருக்குக்கூடத் தெரியல."

மாமியார் முந்தானையை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பெண் மாதிரி இருந்தது அவர் முகம். "அது வந்து... நான்தான் அந்த பட்டனைப் போட்டுட்டேன்."

"எந்த பட்டன்?"

"ஒருநாள் சத்தத்தைக் குறைக்கப்போய் ரிமோட்ல கைதவறி ஏதோ அமுக்கிட்டேன். என்னவோ எழுதி வந்துது, சரின்னு தட்டினேன். அதுலருந்து நிக்காம, வழுவழுன்னு போகுது. சரி, கெட்டுப்போன கண்ணுக்கு இதுதான் ஒத்துக்குதுன்னு நினைச்சேன். மாப்பிள்ளை டிவியில கை வச்சுட்டேனேன்னு பயம். அதனால நீங்க பின்னால ரூமுக்குப் போனதும் போட்டுக்குவேன், கதவு திறக்கிற சத்தம் கேட்டா அணைச்சிடுவேன். இன்னைக்கு விருந்தாளி வராங்களே, படம் லட்சணமா தெரியட்டுமேன்னு காலைல போட்டு வச்சேன். அணைக்க மறந்துட்டேன்."

நம்மவர் டிவியைப் பார்த்தார். இப்போதுதான் உண்மையில் பார்த்தார். ரயில் ஏன் அப்படி வழுக்குகிறது, மலை ஏன் டிவி சீரியல் வீட்டுச் சுவர் மாதிரி பளபளவென்று இருக்கிறது என்று அவர் மரமண்டைக்கு அப்போதுதான் உறைத்தது. அது டிவிக்குள்ளேயே இருக்கிற ஒரு வசதி. இரண்டு படத்துக்கு நடுவில் இல்லாத படத்தை டிவியே கற்பனை செய்து நுழைத்து, அசைவை வழுவழுப்பாக்கிவிடும். சினிமாவை சீரியலாக்குகிற அந்தப் பாவத்தைச் செய்யாதீர்கள் என்று அவர் எத்தனை கட்டுரை எழுதியிருப்பார். அந்த வழுவழுப்பில் விக்கலும் பூசி மெழுகப்பட்டுவிட்டது. ஒயரை அளந்தார், தூரத்தை அளந்தார், சொந்த வீட்டு ரிமோட்டை யார் தொடப் போகிறார்கள் என்று விட்டுவிட்டார். நாற்பது எண்ணுகிற பயத்தில் கண்ணெதிரே நடக்கிற அக்கிரமத்தைப் பார்க்கவில்லை. இவருக்குத்தான் விளக்கெண்ணெய் என்று பெயர்.

ரிமோட்டை எடுத்து அந்த வசதியை அணைத்தார். கப்பலை மறுபடி போடப் போனவரை இஞ்சினியர் தடுத்தாள்.

"இருங்க சார். நீங்க வேண்டாம். அம்மா உக்காரட்டும்."

மாமியார் வழக்கம்போல சாப்பாட்டு மேஜை நாற்காலியைத் தேடினார். நம்மவர் அவர் கையைப் பிடித்து சோஃபாவின் நடுவில், தான் உட்காருகிற இடத்திலேயே உட்கார வைத்தார். இஞ்சினியர் லேப்டாப் திரையை யாருக்கும் தெரியாதபடி தன் பக்கம் திருப்பிக்கொண்டு, டிவிக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். படத்தை எங்கிருந்தோ, யாரும் எண்ணிப் பார்க்க முடியாத ஓர் இடத்திலிருந்து ஓடவிட்டாள்.

"உங்களுக்கு எப்பத் தோணுதோ அப்பச் சொல்லுங்கம்மா."

நம்மவர் டிவியைப் பார்க்கவில்லை, மாமியாரைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதோ" என்றார் மாமியார்.

இஞ்சினியர் தலையை நிமிர்த்தினாள். கொஞ்ச நேரம் போயிற்று.

"இதோ, இன்னொண்ணு."

இஞ்சினியர் வேறு காட்சிக்கு மாற்றினாள். "இதோ." இன்னொன்றுக்கு மாற்றினாள். அதில் மனிதர்கள் வெறுமனே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். "இதுல எங்க தெரியும்மா, யாரும் நகரவே இல்லையே" என்றார் மாமியார். ஒருவன் எழுந்து ஜன்னலுக்கு நடந்தான். "இப்ப வந்துது பாரு. கால் எடுத்து வைக்கும்போது."

இஞ்சினியர் எழுந்து வந்து சோஃபாவில் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்தாள். லேப்டாப்பை மறந்து டிவியையே வெறித்துப் பார்த்தாள். அடுத்த முறை மாமியார் வாயைத் திறப்பதற்குள் அவளே, "ஆ" என்றாள்.

"தெரிஞ்சுதா?" என்று நம்மவர் கேட்டார்.

"தெரிஞ்சுது சார். இனிமே தெரியாம இருக்காது போலிருக்கே."

"ஆயுசுக்கும் தெரியும். என்னை மன்னிச்சுக்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே ஒரு விஷயத்தைச் சொன்னாள். இந்த விக்கலுக்கு மருந்து அவளிடமே இருக்கிறது. கார்டை இயக்கும் மென்பொருளில் ஒரு சின்னத் திருத்தம். எப்போதோ செய்து முடித்து மேலே அனுப்பினாள். கண்ணுக்குத் தெரியாத குறைக்கு எதற்குத் திருத்தம் என்று மேலிடத்தில் அதைக் கிடப்பில் போட்டுவிட்டார்கள். "நானும் ஒருவேளை அதுதான் சரியோன்னு நினைச்சுட்டேன் சார். நான் சினிமாவே போன்லதான் பாக்கறேன்."

"அந்த மருந்து இப்ப கையில இருக்கா?" என்று மனைவி கேட்டாள். முடிவெடுத்துவிட்டால் அவளுக்கு வண்டி நிற்கக் கூடாது.

இருந்தது. எல்லாரும் ஆறிப்போன டீயைக் குடிக்கிற நேரத்தில் இஞ்சினியர் அதைப் பெட்டிக்குள் ஏற்றினாள். மாமியாரிடம் அதைப்பற்றி மூச்சு விடக் கூடாதென்று மற்ற இருவருக்கும் கண்ணைக் காட்டினாள். கப்பலை மறுபடி ஓடவிட்டு, "அம்மா, பழையபடி சொல்லுங்க" என்றாள்.

மாமியார் பார்த்தார். முன்னால் நகர்ந்து உட்கார்ந்து பார்த்தார். நாற்பது விநாடி போயிற்று, அடுத்த நாற்பதும் போயிற்று. கப்பல் துறைமுகத்தைத் தாண்டிக் கடலுக்கே போய்விட்டது.

"என்ன, வரவே மாட்டேங்குது?" என்றார் குறையாக. "ஏம்மா, நீ சரி பண்ணிட்டியா?"

இஞ்சினியர் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். லேப்டாப்பில் ஒரு கோடுகூட விழவில்லை. நம்மவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் வாயெல்லாம் பல்லாக நின்றார். கட்டுரை பிழைத்தது, சினிமாப் பகுதி பிழைத்தது. அதைவிடப் பெரிய சந்தோஷம் வேறு. அவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்கும் தெரிந்திருக்கிறது. இத்தனை நாளாக, இதே கூடத்தில், இதே சோஃபாவில்.

இஞ்சினியர் வாசலுக்குப் போய்த் தன் அலுவலகத்துக்கு போன் போட்டாள். "வீட்ல படம் பாக்கிற அம்மா சார். ஒண்ணு தப்பல. விக்கலை எடுத்துட்டா, அதையும் கண்டுபிடிச்சுச் சொல்றாங்க" என்று அவள் சத்தமாகச் சொல்வது உள்ளே கேட்டது. திருத்தத்தை எல்லாருக்கும் வெளியிடுவதாக அங்கேயே பேசி முடித்துவிட்டுத்தான் செருப்பைப் போட்டாள். போகும்போது மாமியார் கையைப் பிடித்துக் குலுக்கினாள். நம்மவர் எடிட்டருக்கு விஷயத்தைச் சொன்னார். எடிட்டர், "உங்க மாமியார் எங்களுக்கு எழுதுவாங்களா?" என்று கேட்டார்.

மகள் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள், திட்டினாள், மறுபடி அழுதாள். "பாரமாம், பாரம். இன்னொரு தரம் அந்த வார்த்தை வாயில வந்துது, பாத்துக்க." மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, டாக்டருக்கு போன் பண்ணி வரவில்லை என்று சொல்லிவிடும்படி மகளிடம் சொன்னார். போனால் என்ன, ஒரு தரம் பார்த்துக்கொள்ளலாம், நானும் கூட வருகிறேன் என்றாள் மகள். அதற்கு அவரும் மறுக்கவில்லை.

நம்மவர் எதிரே நின்றுகொண்டிருந்தார். முகம் தெரியாத வாசகனிடம் எல்லாம் 'உனக்குத் தெரிகிறதா, உனக்குத் தெரிகிறதா' என்று கேட்டு மன்றாடியிருக்கிறார். பக்கத்து அறையில் இருந்தவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் அந்த அம்மாளுக்கு இத்தனை நாள் பயம் மிச்சமாகியிருக்கும். அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைச் சொல்லவும் சொன்னார். "என் தப்புத்தை. மரியாதை மரியாதைன்னு உங்ககிட்ட நான் பேசினதே இல்ல."

"நான் மட்டும் பேசினேனா?" என்றார் மாமியார்.

மூன்று பேருமாகப் படம் பார்ப்பதென்று முடிவாயிற்று. மனைவி ஒரு மூலையில் காலை மடக்கி உட்கார்ந்து, இரண்டாவது காட்சியிலேயே தூங்கிப்போனாள். மாமியார் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் நெளிந்தார்.

"மாப்பிள்ளை."

"சொல்லுங்கத்தை."

"விக்கல் போயிடுச்சு, சரி. ஆனா அந்த வழுவழுப்பு இருந்துதே, அது எனக்குப் பிடிச்சுப்போச்சு."

நம்மவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "அத்தை, அது கூடாது. படம் எடுத்தவன் அப்படி எடுக்கல. நடுவுல டிவி பொய் படம் போடுது."

"போட்டா போட்டுட்டுப் போகுது. கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்குல்ல?"

"சினிமா சீரியல் மாதிரி ஆயிடும்."

"எனக்கு சீரியலும் பிடிக்கும்."

"நான் இதைப்பத்தி எவ்வளவு எழுதியிருக்கேன் தெரியுமா?"

"எழுதினா? பாக்கிறது யாரு, நானா நீங்களா? இன்னைக்குச் சரியாச் சொன்னது யார் கண்ணு?"

குரல்கள் ஏறின. வந்து ஒரு வருஷத்தில் முதல்முறையாக மாமியார் மருமகனை எதிர்த்துப் பேசினார். மருமகன் கையை ஆட்டி ஆட்டிப் பதில் சொன்னார். மனைவி ஒரு கண்ணைத் திறந்து இருவரையும் பார்த்தாள். நாற்சந்தி ஒருவழியாகத் திறந்துகொண்டதில் நிம்மதியடைந்து, கண்ணை மூடி, உதட்டில் சிரிப்போடு தூங்குகிற மாதிரியே இருந்தாள்.

கடைசியில் நம்மவர் ரிமோட்டை எடுத்தார். கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். மாமியார் கையில் கொடுத்தார்.

"போட்டுக்குங்க."

மாமியார் அதை வாங்கிக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தார். "நீங்க இருக்கும்போதேவா?"

"நான் இருக்கும்போதே" என்றார் நம்மவர். எழுந்து போகாமல், சோஃபாவில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.